அழிப்பதற்குள் வாசித்த வரி

போன வருடக் கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. நான் இருப்பது அம்பிட்டியவில். படிப்பிப்பது வத்தேகமவுக்கு அப்பால், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில். பாடசாலையின் நூற்றாண்டு மலரை எழுதித் தொகுக்கும் வேலை என் தலையிலும், என்னோடு படிப்பிக்கும் இன்னொரு ஆசிரியையின் தலையிலும் விழுந்தது. அவருடைய வீடு தோட்டத்துக்குள்ளேயே, மலைச்சரிவின் அடியில். எழுந்து நடக்க முடியாத அம்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில்.

பஸ் பிடித்துப் போய்ச் சந்தித்து எழுத யாருக்கு நேரம்? ஒன்லைன் டொக்கியுமென்ட் ஒன்றைத் திறந்து, அவரவர் வீட்டிலிருந்தே ஒரே பக்கத்தில் எழுதினோம். நான் நீல எழுத்து, அவர் சிவப்பு. ஒருவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் மற்றவர் திரையில் அந்த நொடியே தெரியும். எனக்கோ வாயும் கையும் அவசரம். அதிபரின் வாழ்த்துச் செய்தியைச் சேர்க்கும்போது, "தன் புகழ் பாடாட்டி இந்த மனுசனுக்குச் சோறு எறங்காது" என்று அதன் கீழே தட்டிவிட்டு, பயந்துபோய் உடனே அழித்தேன். சிவப்பு எழுத்து ஓடி வந்தது: "பாத்துட்டேன் டீச்சர்!" வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் எதை அழித்தாலும் அவர் இதையே எழுதுவார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

இரவு முழுக்க மழை கொட்டிய ஒரு நாள் காலை அவருக்கு அழைத்தேன், அழைப்பு போகவில்லை. தோட்டத்தில் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டொக்கியுமென்ட்டைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் மேல் மூலையில் அவர் பெயர் தெரிந்தது; உள்ளே இருந்தார். லெப்டொப்பில் மிச்சமிருந்த சார்ஜில், இன்டர்நெட் டொங்கலைச் செருகிக்கொண்டு, நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறார். பழைய மாணவர்கள் பற்றிய கட்டுரையின் நடுவிலேயே எழுதினார்.

"டீச்சர், வீட்டுக்குப் பின்னால மண்ணு வடியுது. செவுரு வெடிச்சிருச்சு. லயத்து ஆளுங்க எல்லாரும் பாதுகாப்புக்கு ஸ்கூலுக்குப் போய்ட்டாங்க. அம்மாவ என்னால தனியா தூக்க ஏலாது."

வத்தேகமவில் இருக்கும், எங்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் சேருக்கு உடனே அழைத்தேன். "நான் இப்பவே போற டீச்சர். ஆள் கூட்டிட்டுப் போற. நீங்க துஆ கேளுங்க," என்றார். பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன. சேர் நடந்துதான் போக வேண்டும். "சேர் வர்றாரு, கொஞ்சம் பொறுங்க" என்று நீலத்தில் எழுதினேன்.

"வெடிப்பு பெருசாகுது டீச்சர்," என்று வந்தது.

என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. "அம்மாவ விட்டுட்டு நீங்களாவது வெளிய" என்று தட்டிய பிறகுதான் என்ன எழுதுகிறேன் என்று உறைத்தது. ஐயோ, ஒரு மகளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! மளமளவென்று அழித்தேன்.

பிறகு சிவப்பில் வந்தது.

"பாத்துட்டேன் டீச்சர்."

பக்கத்தின் மேல் மூலையில் இருந்த அவருடைய பெயர் மறைந்துவிட்டது. நான் என்னென்னவோ எழுதினேன். முருகா முருகா என்று திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் சேர் அழைத்தார். குரலே சரியில்லை. அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, டீச்சர் நனைந்துபோய்ப் பாடசாலை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தாராம். எல்லோருமாக வீட்டுக்குத் திரும்பி ஏறும்போது, அவர்கள் கண்முன்னாலேயே மலை சரிந்து வீட்டின் மேல் இறங்கியிருக்கிறது. அம்மாவை மறுநாள்தான் சேற்றிலிருந்து எடுத்தார்கள்.

சாவு வீட்டுக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சொந்தக்காரர் ஒருவரின் லயத்து அறை அது. என்னைக் கண்டதும் டீச்சர் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க அழிச்சிட்டீங்க டீச்சர். ஆனா அதுக்குள்ள நான் எந்திரிச்சிட்டேன். எங்கடி போறேன்னு அம்மா கேட்டாங்க. இந்தா வந்துர்றேம்மான்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"ஆள் கூட்டிட்டு வரத்தானே போனீங்க," என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டு, அம்மாவின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டப் போனார்.

எங்கள் பேச்சு வரிகளையெல்லாம் நீக்கிவிட்டு, மலர் அச்சாகி வந்தது. நல்லா இருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அவரும் இப்போதும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைதான். இடைவேளையில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, சேர்ந்து எழுதுவதும் இல்லை. நான் முடிக்காமல் விட்ட அந்த அரை வரிதான் அவரை உயிரோடு வெளியே கொண்டுவந்தது, அதேதான் இன்றைக்கும் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதை எழுதியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, கடவுளுக்கு நன்றி சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.