கவர் மரத்தில் மூன்று தட்டு

நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம். பேய் என்றால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது நடந்தது. போன டிசம்பரில், மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம் நான் வேலை செய்யும் பட்டறையில், என் கண் முன்னால் நடந்தது.

என் பெயர் வசீகரன். வேட்டைத் துப்பாக்கிகளுக்கு மரப்பிடி செதுக்குகிறேன். கனடாவில் நான் இருப்பதற்கான பெர்மிட் இந்தப் பட்டறையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெர்மிட்டும் போகும். மனைவி லக்சனாவுக்கு அப்போது ஏழு மாதம். அந்த நேரம் பார்த்து எனக்குச் சனி பிடித்தது. அடுத்தடுத்து இரண்டு பிடிகள், கை பற்றும் ஒடுங்கிய கழுத்தில், கீறல் விட்டு வெடித்துவிட்டன.

"இதுவும் வெடித்தால் நீ வேறு இடம் பார். நாளைக் காலை அளவு பார்க்க ஆள் வருகிறார்" என்றார் முதலாளி யோசெப்.

வேறு இடம் என்றால் எனக்கு விமான நிலையம்தான்.

வரப்போகிறவர் தன் காணியில் வெட்டிய வால்நட் மரத்தையே கொடுத்திருந்தார். பல வருடம் காய்ந்த பலகைகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட் தடவிப் பார்த்தேன். மரம் இரண்டு கிளையாகக் கவர் விட்ட இடத்துப் பலகையில்தான் வரிகள் எழும்பின. இறகு விரித்த மாதிரி, கறுப்பும் பொன்னுமாக. கவர்த் துண்டு அழகு, ஆனால் வெடிக்கிறதும் அதுதான். கழுத்து வரும் இடத்தில் வரி நேராக ஓடியதால் துணிந்து எடுத்தேன்.

உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பது எங்கள் வழக்கம். நான் எப்போதும் மூன்று தரம் தட்டுவேன். தட்டினேன். சத்தம் சுத்தமாக இருந்தது.

நாலரைக்கே இருட்டிவிட்டது. யோசெப் போய்விட்டார். பனி கொட்டியது. அந்தப் பலகையில் அறுத்த கட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கிவிட்டு உளியை எடுத்தேன்.

முதல் சீவல் கையில் ஈரமாக ஒட்டியது. காய்ந்த மரத்தில் ஏது ஈரம்? ஸ்பிரிட் ஊறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சீவலும் ஈரம். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

5.20.

டொக்... டொக்... டொக்.

கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. வாசல் பனியில் ஒரு காலடி கூட இல்லை.

திரும்பி வந்தேன். டொக்... டொக்... டொக். ஹீட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சத்தம் அதிலிருந்தும் இல்லை.

அப்போது வீட்டிலிருந்து லக்சனாவின் போன் வந்தது.

"எப்ப வாறீங்கள்?"

"கொஞ்சம் பிந்தும்."

"ஆரோ தட்டுறாங்கள், போய்த் திறவுங்கோவன்."



"உமக்கும் கேக்குதே?"

"ஓம். பக்கத்தில கேக்குது... என்னப்பா, ஏன் குரல் நடுங்குது?"

"குளிர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைஸ் அதிர்ந்தது. சத்தம் கட்டைக்குள்ளிருந்துதான் வந்தது.

ஓடியிருக்க வேண்டும். எங்கே ஓடுவது? விடிந்தால் ஆள் வருவார். முருகா, என் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

டொக். டொக். டொக்.

இந்தமுறை வேகமாக. அதோடு இன்னொரு சத்தம்.

சிர்ர்ர்...

கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். என் கண் முன்னால் நீண்டது.

"வேண்டாம்... வேண்டாம்!"

என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. கட்டையைத் தட்டினேன்.

மூன்று தரம்.

அமைதி... கீறல் நின்றது.

பிறகு அது தட்டியது. நான் பதில் தட்டினேன்.

தட்டாமல் விட்டால் கீறல் அசைந்தது.

ஒரு கையால் செதுக்கினேன். ஒரு கையால் தட்டினேன். விரல் முட்டி உரிந்து இரத்தம் வந்தது.

நடுச்சாமம் தாண்டிய பிறகு சத்தம் களைத்துப் போனது.

டொக்... டொக்...

பிறகு ஒன்றுதான்.

டொக்...

நான் தட்டினேன். பதில் இல்லை. திரும்பத் தட்டினேன்.

இல்லை.

பயம் போய், ஏனென்று தெரியாத துக்கம் வந்தது. பிடி உருவாகியிருந்தது. கீறலைத் தேடினேன், காணவில்லை.

காலையில் வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பிடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அளவு பொருந்தியது. யோசெப் என் முதுகில் தட்டினார். பெர்மிட் தப்பியது.

"எந்தப் பலகை இது?" என்று வந்தவர் கேட்டார்.

கவர்த் துண்டு என்றேன். அவர் முகம் வெளுத்தது.

அவருடைய அப்பா அந்த மரத்தில் ஏறித்தான் மானுக்குக் காத்திருப்பாராம். ஒருநாள் சறுக்கிவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த கயிறு கவரில் இறுகி, அந்தரத்தில் தொங்கியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். கத்திப் பிடியால் தட்டித் தட்டி மரப்பட்டை குழிந்திருந்ததாம். மூன்று தட்டு, நிறுத்தி மூன்று தட்டு. வேட்டைக்காரர் உதவி கேட்கிற முறை அது.

"ஒருவருக்கும் கேட்கவில்லையா?" என்றேன்.

அவர் பிடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"எனக்குக் கேட்டது. எனக்கு ஏழு வயது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். மரங்கொத்தி என்று நினைத்தேன்."

இன்று யோசெப் அந்தக் கவரின் மற்றப் பாதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்த வேட்டைக்காரரின் தம்பிக்கும் ஒரு பிடி வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நாளைக்குக் காலையில் மூன்று தரம் தட்டிப் பார்க்க வேண்டும்.