பொகவந்தலாவையில் கையால் உருட்டிய தேயிலைக்கு ஓர் உரிமம்

நண்பர் வீட்டில் குடித்த தேநீர்தான் காரணம். கையால் உருட்டிய தேயிலை, பொகவந்தலாவைக்காரர் ஒருவர் கொடுத்தது என்றார். ஏப்ரல் விடுமுறையில் கிளம்பிவிட்டேன். கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில். அங்கிருந்து நோர்வூட் வழியாக பஸ், ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். வளைவுகள் அதிகம்; வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

அந்தத் தேயிலையை உருட்டிய செல்வராணி முன்பு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரும் கணவர் யோகனும் சேமிப்பைப் போட்டு அரை ஏக்கர் தேயிலை நிலம் வாங்கியிருக்கிறார்கள். கையால் உருட்டியதை வாங்க ஹோட்டல்கள் தயார், ஆனால் உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்தால் சிறு உற்பத்தியாளர்களுக்கான அரசு உதவியும் கிடைக்கும். நான் போன அன்றுதான் உரிமம் தரும் அதிகாரி பார்வையிட வந்தார்.

தேயிலை உருட்டும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. அதிகாரி தேயிலையை முகர்ந்து பார்த்து மறுப்பாகத் தலையசைத்தார். அடுப்புப் புகை வாசம். தனி அறை இல்லாமல் உரிமம் தர முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். செல்வராணியும் சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ரூம் கட்டத்தாங்க அந்த உதவியே கேக்குறோம். ரூம் இருந்தாத்தான் உதவின்னா நாங்க எங்க போறது?”

அதிகாரி கோபப்படவில்லை. பெரிய தொழிற்சாலைகளை நினைத்து எழுதிய விதி என்று ஒப்புக்கொண்டார். நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் பொது அறை போதும். தோட்டத்தில் மூடிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராவை, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையை, கேட்டுப் பாருங்கள் என்றார். ஆனால் பாக்கெட்டில் குழுவின் பெயர்தான் வரும் என்றும் சொன்னார்.

அவர் போனபின் யோகன், “சரின்னு சொல்லிருவோம்” என்றார்.

“எல்லாரும் உருட்டுறது ஒரே டப்பாவுல போயிரும். இது என் கைன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் செல்வராணி. அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் சாயங்காலம் அவரே, குழுவில் சேரக் கேட்டு, தேயிலை நிலம் வைத்திருந்த மூன்று வீடுகளுக்குப் போனார். நானும் கூடப் போனேன். “எங்களுக்கு உருட்டத் தெரியாதேக்கா” என்றார் ஒரு பெண். “நான் காட்டித் தர்றேன்” என்றார் செல்வராணி.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் பனிமூட்டம் இறங்கும். சுவெட்டர் அவசியம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அது வேலை நடக்கும் இடம். இப்படிப்பட்ட உதவித் திட்டங்கள் நல்லவைதான். ஆனால் இனிமேல்தான் தொடங்கப்போகிறவரிடம், ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

ஆகஸ்டில் செல்வராணி தொலைபேசியில் அழைத்தார். காம்பரா கிடைத்து, உரிமமும் வந்து, ஒரு ஹோட்டலுக்கு முதல் பெட்டி போயிருந்தது.

“சந்தோஷமா?” என்றேன்.

“சந்தோஷந்தாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம். யாரு உருட்டுனதுன்னுதான் கேக்கல.”