இடிக்குப் பயந்து கழற்றிய கம்பி

போரின் கடைசி ஆண்டுகளில் ஒரு மாரி காலம். திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சர்வர், மூன்று கணினிகள், நான், கிண்ணியாவிலிருந்து தினமும் கடல் கடந்து வேலைக்கு வரும் ஒரு பெண் எழுதுநர். அவ்வளவுதான்.

தலைமையகம் ஒரு புதிய இணையச் செயலியைக் குறுந்தட்டில் அனுப்பியிருந்தது. இடம்பெயர்ந்து புல்மோட்டை வீதிப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த குடும்பங்களின் பெயர்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பழைய முறையை நிறுத்திவிட்டார்கள். புதியதில் அச்சிட்ட பட்டியல் இல்லாவிட்டால் களஞ்சியத்தில் ஒரு மூட்டை அரிசி அசையாது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் லொறிகளுக்கு அனுமதி. பிற்பகல் இரண்டு மணிக்குள் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அடுத்த அனுமதி எப்போது கிடைக்கும் என்பது அனுமதி தருபவருக்கே தெரியாது.

செயலியை நிறுவும்போது சர்வர் நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. "தொடங்குகிறது" என்று திரையில் ஒரு வரி வரும், அதன்பிறகு ஒன்றும் வராது. எங்கள் அலுவலகத்தின் நிறுவல் கையேட்டில் பன்னிரண்டு படிகள். எனக்கு அவை மனப்பாடம், அதில் பாதியை எழுதியவனே நான்தான். நினைவகம் பார்த்தேன், பதிவுக் கோப்பு பார்த்தேன், அழித்துத் திரும்ப நிறுவினேன். மூன்று நாட்கள் முயன்றும் ஒன்பதாவது படியிலேயே வந்து நின்றது. கொழும்புக்கு அழைத்தால், "எங்களிடம் ஓடுகிறதே" என்றார்கள். அவர்களிடம் எல்லாமே ஓடும்.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு வானம் இருண்டது. கீழே லொறிகள் வெறுமையாக நின்றன. நான் நாலாவது தடவையாக நிறுவலைத் தொடக்கிவிட்டு, திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் அதிர ஒரு இடி விழுந்தது. எழுதுநர் எழுந்து போய் இணையப் பெட்டிக்கு வரும் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார்.

"என்ன பிள்ளை செய்யிறீங்கள்?" என்று கத்தினேன்.

"மின்னல் அடிக்குது சேர். வீட்டில டிவி கம்பி கழட்டாட்டியே உம்மா ஏசுவா. இது கந்தோர்ப் பெட்டி, எரிஞ்சா என்ர சம்பளத்தில வெட்டுவீங்கள்."

"கையேட்டில அப்பிடி ஒண்டும் இல்லை."

"கையேட்டுக்கு மின்னல் அடிக்காது சேர். அங்க பாருங்கோ, உங்கட சர்வர் ஓடுது!"

ஓடியது. மூன்று நாள் அசையாத திரையில் வரிகள் மளமளவென்று இறங்கின. பன்னிரண்டாவது படி முடிந்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. விளங்காத ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக அப்போதைக்கு ஆராயாமல் விட்டேன். "அச்சடியுங்கோ" என்றேன். கடைசித் தாள் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. மழைக்குள்ளேயே மூட்டைகள் ஏறின. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, கடைசி லொறியும் சாவடியைக் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அடுத்த வாரம் காரணத்தைத் தேடிப் பிடித்தேன். செயலி எழும்பும்போது வெளியிலுள்ள ஒரு முகவரியிடம் சிறிய கோப்பு ஒன்றைக் கேட்கிறது. கொழும்பில் அது உடனே கிடைத்துவிடும். எங்கள் இணைப்பிலோ கம்பி இருக்கும், பதில் வராது. சர்வர் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பியைக் கழற்றியதும் பதில் வராது என்று தெரிந்து, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் பார்த்தே முப்பது வருடம் கழித்த எனக்கு இந்த நோய் முதல் நாளே பிடிபட்டிருக்க வேண்டும்.

அந்தக் கோப்பை எங்கள் கணினியிலேயே வைத்து, செயலி அதை அங்கேயே தேடும்படி மாற்றினேன். தலைமையகத்துக்கு அறிக்கை எழுதினேன். "விரிவான தொழில்நுட்ப ஆய்வின் பின்னர் கண்டறியப்பட்டது" என்பது அதன் முதல் வசனம். தட்டச்சு செய்யக் கொடுத்தேன். எழுதுநர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் வடிவா இருக்கு சேர். இடியைத்தான் காணேல்ல."

அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். புதிய அறிக்கை இப்படித் தொடங்கியது: "இடி முழக்கத்தின்போது எமது எழுதுநர் தொலைபேசிக் கம்பியைக் கழற்றியதால் கோளாறு தெரியவந்தது." தலைமையகத்தில் சிரித்திருப்பார்கள். ஆனால் வேறு இரண்டு மாவட்டங்களில் அதே செயலி நின்றபோது, எங்கள் அறிக்கையைத்தான் பிரதி எடுத்து அனுப்பினார்கள், இடியோடு சேர்த்து.

சேவைக் காலத்தில் நான் கையொப்பமிட்ட தாள்களை அடுக்கினால் ஒரு அலுமாரி போதாது. அவற்றில் இன்றும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டக்கூடியது, கண்டுபிடித்தது நான் அல்ல என்று எழுதிய அந்த ஒரு தாள்தான்.