மிளகுப் படங்கும் நாலந்தாக் குளமும்

போன வாரம் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவின் உரப்பை கிழிந்தது. பலாபத்வலைக்குச் சற்று முன்னால் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறிய நேரம். பையில் இருந்தது காய்ந்த மிளகு. உருண்டோடிய மிளகை நின்றவர்கள் எல்லோரும் மிதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே தும்மியது. கண்டக்டர் மீதிக் காசை நீட்டியபடி தும்மினார். சாரதி தும்மிக்கொண்டே பிரேக் போட்டார். நான் மட்டும் தும்மலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு என்னவென்று விளக்குவது? உங்களுக்குச் சொல்லலாம்.

மாத்தளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த புதிதில், பலாபத்வலையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரர், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேக்டரி முழுவதையும் மூக்காலேயே நடத்தியவர் என்று சொல்வார்கள். கொழுந்து பதமாகிவிட்டதா என்பதை வாசலில் நின்றே முகர்ந்து சொல்லிவிடுவாராம். அந்த மூக்குக்காக அவர் சிகரெட் பிடிக்கவில்லை, வெங்காயச் சம்பல் தின்னவில்லை, கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தால் பின்வாசலால் போய்விடுவார். அவருடைய மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊருக்கு அவர் டீமேக்கர் ஐயா, அந்த அம்மா டீச்சர். வீட்டுக்குள்ளும் அவர் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

நான் ஒழுங்கான ஆள். கழற்றிய செருப்பு இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நாட்குறிப்பில் மழை எப்போது விட்டது, மத்தியானம் என்ன கறி என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டின் குதூகலத்தை எப்படிப் பதிவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஞாயிறு. நல்ல காற்று. தும்மல்" என்று வாரா வாரம் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது எடுத்துப் படித்தால் சளி பிடித்தே காலம் தள்ளியவன் என்று நினைப்பார்கள்.

சனிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் மண்ணெண்ணெய் மணக்கும். இரண்டு சைக்கிள்களையும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, இருவரும் செயினைக் கழற்றிக் கழுவுவார்கள். அதே நேரம் சமையலறையில் கத்தரிக்காய் பொரியும். இன்றைக்கும் பொரித்த கத்தரிக்காயை வாயில் வைத்தால் எனக்கு மண்ணெண்ணெய் நினைவுக்கு வருகிறது. நல்ல வேளை, என் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை.

ஞாயிறு விடியும்போது, லொறிகள் பெருகுவதற்கு முன்னால், கண்டி வீதியில் இருவரும் நாலந்தாப் பக்கம் சைக்கிளில் கிளம்புவார்கள். அங்கே குளத்தில் அவர்களுக்கு ஒரு படகு இருந்தது. ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய பழைய மீன்பிடிப் படகு. கரையிலிருந்த ஒரு மீனவரிடம் வாங்கி, கமுகு மரத்தில் ஒரு பாய்மரம் நட்டு, பாயும் கட்டியிருந்தார் ஐயா. விஷயமே அந்தப் பாயில்தான்.

வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடி நிறைய. பறித்த மிளகைக் காயவைக்கும் தடித்த துணிப் படங்கைத்தான் ஐயா பாயாகக் கட்டினார். அறுவடைக் காலத்தில் வார நாட்களில் அது முற்றத்தில் மிளகு காயவைக்கும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கரியரில் ஏறிக் குளத்துக்குப் போகும். அதைத் துவைக்கலாமே என்று நான் ஒரு தரம் கேட்டேன்.

"தொவச்சா நூலு இத்துப்போகும் தம்பி. ஃபேக்டரில ஒரு துணியக்கூட நான் வீணாக்குனதில்ல."

"மூக்க மட்டும் வீணாக்குவாரு" என்றார் டீச்சர், செயினைத் துடைத்துக்கொண்டே.

காற்று பலமாக வீசிப் பாய் உதறும்போதெல்லாம் மிளகுத் தூசி பறக்கும். ஊரிலேயே நுட்பமான மூக்கு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்.

சில ஞாயிறுகளில் நானும் பஸ்ஸில் போய்ப் படகில் ஏறியிருக்கிறேன். படகின் முன்பக்கம் ஐயா. பாய்க்கயிறு அவர் கையில். அங்கிருந்து ஃபேக்டரியில் போட்ட அதே குரலில் உத்தரவு போடுவார். "எடது! எடது! விடாதீங்க! மெஷின ஓட விடுங்க!" பின்னால் திசைத் துடுப்போடு டீச்சர். "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திருப்புவார். படகு அழகாக வளைந்து போகும். "பாத்தீங்களா தம்பி, நான் சொன்னேன்ல?" என்பார் ஐயா. கரையில் இருந்தவர்கள் அவரைத்தான் கேப்டன் என்றார்கள். டீச்சர் மறுத்து நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. போகும்போது பாதை பெரும்பாலும் இறக்கம். திரும்பும்போது ஏற்றம். ஆனாலும் அவர்கள் இரண்டு வழியும் சைக்கிளில்தான் மிதிக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கொழும்பில் இருந்த ஒரே மகள் சுமதி அக்காவிடமும் ஐயா டெலிபோனில் அப்படித்தான் சொல்வார். "ஏத்தமெல்லாம் எனக்கு ஒன்னுமே இல்ல மகள். படகையும் நாந்தான் ஓட்டுனேன். என்னா காத்து! கவுந்திருக்கும், சும்மா புடிச்சி நிறுத்துனேன்ல!" மறுமுனையில் மகள் என்ன முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவர் யோசித்ததே இல்லை.

ஒரு வருடம் ஐயா, ஒரு வளைவில் மயிலைக் காட்டுவதற்காக இரண்டு கைகளையும் விட்டுவிட்டார். மயில் பறந்தது. ஐயா வீதியோர வடிகால் கானுக்குள் விழுந்தார். முழங்காலில் தையல். தையல் பிரித்த வாரம் செய்தி யார் மூலமாகவோ கொழும்புக்குப் போக, வெள்ளிக்கிழமையே சுமதி அக்கா வந்து இறங்கிவிட்டார். வந்ததும் பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. கொழும்பில், தன் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவர்களுக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது. இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிடலாம். சைக்கிள், படகு எல்லாம் போதும்.

"ஏத்தத்துல மிதிக்கிறேன், காத்துல படக நிறுத்துறேன்னு இவரு சொல்லச் சொல்ல எனக்கு ஆபீஸ்ல வேல ஓடல. தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் வாடகைக்காரன். செருப்பை நேராக்கினேன்.

ஐயா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு டீச்சர்தான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம ஒரு தரம் எங்களோட படகுல வா. வந்து பாத்துட்டும் பயமா இருந்திச்சுன்னா, திங்கக்கெழம நாங்க பெட்டியக் கட்டிருவோம்."

"டீச்சர்!" என்றார் ஐயா.

"நீங்க சும்மா இருங்க."

ஞாயிறு காலை அவர்கள் சைக்கிளில் போக, நானும் அக்காவும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். எல்லோருக்கும் மிதவை அங்கியை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினார் டீச்சர். என்னை ஏற்றியது படகு நிலையாக இருக்கப் பாரம் வேண்டும் என்பதற்காக. வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை.

குளத்தின் நடுவில் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே கிளையை நீட்டி நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் போனபோதுதான் மலைப்பக்கமிருந்து காற்று ஒரேயடியாக இறங்கியது. படங்கு உதறியது. முந்தின நாள்தான் அதில் புது மிளகு காய்ந்திருந்தது.

முதலில் ஐயா தும்மினார். பிறகு அக்கா. பிறகு நான். ஐயா தும்மிய தும்மலில் பாய்க்கயிறு கையைவிட்டுப் போய்விட்டது. கயிறு போனதும் பாய் இன்னும் உதறியது, இன்னும் தூசி. "எடது! எ... ஹச்! எட... ஹச்!" என்றார் ஐயா. படகு பட்ட மரத்தைப் பார்த்துப் போனது. அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சர் முந்தானையின் நுனியை நனைத்து முன்கூட்டியே மூக்கில் கட்டியிருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒரு காலால் துடுப்பை அழுத்திக்கொண்டு, பறந்த கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"சுமதி, அப்பா தோளப் புடிச்சிக் கீழ உக்கார வையி. தம்பி, நீங்க நல்லாத் தும்முங்க, ஆனா அசையாதீங்க."

படகு மரத்தைச் சுற்றி வளைந்தது. அடுத்த கணம் காற்று எங்களுக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் பக்கவாட்டில் சலசலத்தது. தும்மல்தான் ஓயவில்லை.

கரையில் இறங்கிய பிறகு அக்கா தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் எப்பம்மா படிச்சீங்க?"

"மொத வேல குளத்துக்கு அக்கரையில ஒரு ஸ்கூல்ல. தெனம் படகுல போய் வரணும். துடுப்பு வலிக்கிற கெழவருக்கு முடியாமப் போச்சு, நானே வலிச்சேன். அப்ப நீ வயித்துல. ஒன்னையும் சேத்துத்தான் வலிச்சேன்."

"எனக்குச் சொல்லவே இல்லியே!"

"அப்பா சொல்ற கத நல்லா இருந்திச்சு. நடுவுல நான் எதுக்கு?"

ஐயா மூக்கைச் சிந்தினார். "நான் உத்தரவு போட்டேன், அவங்க ஓட்டுனாங்க. ஃபேக்டரிலயும் அப்படித்தான்" என்றார்.

வீதிக்கு ஏறினோம். "நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல போங்க, நாங்க மிதிச்சி வந்துர்றோம்" என்று ஐயா கம்பீரமாகச் சைக்கிளைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துத் தம்புள்ளைச் சந்தையிலிருந்து பூசணிக்காய் ஏற்றிய ஒரு லொறி ஓரங்கட்டி நின்றது. அதை ஓட்டிவந்த பாரூக் நானா தலையை வெளியே நீட்டினார்.

"என்ன டீச்சர், இன்டைக்கு ஏறல்லயா? சைக்கிள் வெக்க எடம் உட்டுத்தான் ஏத்தி வந்தன்!"

ஐயா வானத்தைப் பார்த்தார். டீச்சர் பூசணிக்காயைப் பார்த்தார். எல்லாம் அதன் பிறகு வெளியே வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றம் முழுவதும் லொறியில் வந்து, பலாபத்வலைக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வியர்த்தவர்களைப் போல ஊருக்குள் மிதித்து வருவார்களாம். அந்த வீட்டிலேயே இருந்த எனக்கும் தெரியாது. ஒழுங்கான நாட்குறிப்பாளன்!

அக்கா வீதியோரத்துக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனேப்பா! படகு அம்மா கையில, ஏத்தத்துக்கு லொறி. நான் எதுக்குப் பயந்தேன்? நீங்க அடிச்ச பெருமைக்குத்தான் பயந்தேன்."

"அப்ப திங்கக்கெழம?" என்றார் ஐயா, மெதுவாக.

"திங்கக்கெழம நான் மட்டுந்தான் போறேன். ஆனா மயிலு என்ன, யானையே வந்தாலும் ரெண்டு கையும் விடக் கூடாது."

"யானை வந்தா சைக்கிளையே உட்ருவாரு" என்றார் பாரூக் நானா.

நாங்கள் எல்லோரும் பூசணிக்காய்களுக்கு மேலே உட்கார்ந்து திரும்பினோம். ஊர் வளைவில் இறங்கவில்லை. கடைவீதி பார்க்க, வீட்டு வாசல்வரை லொறியிலேயே போனோம். ஐயா இருபுறமும் கையசைத்தார்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர்கள் அங்கே இருந்தார்கள். எனக்கு மாற்றலாகிப் போன பிறகும் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஐயா முதலில் போனார், தன் கட்டிலில், தன் தேநீரை முகர்ந்து குறை சொல்லிவிட்டு. டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்து இரண்டு அறுவடை மிளகு காயவைத்துவிட்டுப் போனார். இப்போது வீடு இல்லை; அந்த இடத்தில் டைல்ஸ் கடை. படகு எங்கே போனதென்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. பாரூக் நானா லொறியை விற்றுவிட்டு மகன் வீட்டோடு இருக்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுமதி அக்காவுக்கு டெலிபோன் எடுத்து மிளகுக் கதையைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, தானும் போன மாதம்தான் வெள்ளவத்தை ஃபிளாட்டைக் காலி செய்ததாகச் சொன்னார்.

"அப்பா, அம்மா ரூமுக்குன்னு அப்ப ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன்ல, தம்பி. விக்கிறப்ப வாங்க வந்தவரு கேக்குறாரு, இது புதுசாங்கன்னு. மெத்தையில சுத்துன பொலித்தீனக்கூடப் பிரிக்கல."