வகை சரிபார்ப்பு முகாம்

அன்று காலை இலத்தூர் சமுதாய நலக்கூடத்தில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். அதிகாரியாக நான், எழுத்தராக இசக்கியம்மாள், மூங்கில் கம்போடு காவலனாக மைதீன், பொதுமக்களாக எங்கள் ஏழாம் வகுப்பிலிருந்தே இன்னும் ஐந்து பேர். மூன்று பேர் இல்லை. நாடகத்தை எழுதிய சார் வசனத்தாளை ஜெராக்ஸ் எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தார். வகையில்லாதவன் வேடம் போடவேண்டிய செல்லத்துரைக்கு அம்மை போட்டிருந்தது. அத்தையின் புருஷன், அதாவது என் மாமா, ஏழு வருஷமாகவே எங்கேயும் இல்லை.

சார் பி.எட். பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்தவர். வருங்காலத்தில் நடக்கிற கதைகளாகவே தேடிப் படிப்பார், எங்களுக்கும் சொல்வார். எல்லாக் கதையிலும் ஒரு நகரம் இருக்கும், சுற்றி ஒரு மதில் இருக்கும். உள்ளே மனிதர்களைச் சாமான் மாதிரி வகை பிரித்து வைத்திருப்பார்கள். எதிலும் சேராத ஒருவன் வருவான். அவனை மதிலுக்கு வெளியே தள்ளுவார்கள். அவன் வெளியே நின்று சிரிப்பான், பாடுவான், கடைசியில் மதில் விழும். இதைத்தான் ஆண்டு விழாவுக்கு அரைமணி நேர நாடகமாக எழுதியிருந்தார். விளைவிப்பவர்களுக்குப் பச்சை அட்டை, கணக்கெழுதுபவர்களுக்கு வெள்ளை, காவல் காப்பவர்களுக்குக் காக்கி.

ரேஷன் கார்டு அப்போது புத்தகமாக இருந்தது. அரிசி வாங்குகிற வீட்டுக்குப் பச்சை, சீனி வாங்குகிற வீட்டுக்கு வெள்ளை, போலீஸ்காரர் வீட்டுக்குக் காக்கி. பயங்கரமான வருங்காலம் என்று சார் யோசித்து எழுதியது எங்கள் ஊர் வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. அவருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் வெள்ளையடிப்பு நடந்ததால் ஒத்திகையைச் சனிக்கிழமை நலக்கூடத்தில் வைத்தோம். மேசை போட்டு நீலத்துணி விரித்தோம். மதிலுக்குப் பதிலாகக் கயிறு கட்டினோம். ‘வகை சரிபார்ப்பு முகாம்’ என்று நானே அட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன். ஊரில் கண் முகாம், மனு வாங்கும் முகாம் எல்லாம் அதே இடத்தில்தான் நடக்கும்.

சைக்கிளில் போன பால்கார அண்ணாச்சி போர்டைப் பார்த்துவிட்டு இறங்கினார். என்ன முகாம் என்று கேட்டார். மைதீன் வேடத்தின் மிடுக்கில் இருந்தான். வரிசையில் நிற்கச் சொன்னான். அவர் நின்றார். எங்கள் ஊரில் கயிறு கட்டி மேசை போட்ட இடத்தில் ஒருவர் நின்றுவிட்டால் அடுத்தவர் நிற்கக் காரணம் தேவையில்லை. அரைமணி நேரத்தில் முப்பது பேர் கார்டும் பையுமாக வந்துவிட்டார்கள்.

நாடகம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் இசக்கியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, நான் அண்ணாச்சியைப் பார்த்துத் தொழில் என்ன என்று கேட்டேன். பச்சை அட்டையைக் கொடுத்தேன்.

“பச்சைக்கு மண்ணெண்ண கூட்டித் தருதாங்களாலே?”

“மேலிடத்துல முடிவு பண்ணுவாங்க,” என்றாள் இசக்கியம்மாள், தலையை நிமிர்த்தாமல். சார் எழுதாத வசனம் அது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. ஒரு அம்மா தன் மருமகன் போலீஸ் என்று சொல்லிக் காக்கி அட்டை கேட்டாள். மருமகனே நேரில் வந்து வாங்கட்டும் என்று இசக்கியம்மாள் திருப்பி அனுப்பினாள். யாருக்கும் கோபமில்லை. இவ்வளவு கறாராக இருந்தால் அது அரசாங்கம்தான் என்று வரிசைக்கு நம்பிக்கை கூடியது.

பதினோரு மணிவாக்கில் அத்தை வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம் அத்தை ஒரு லாட்ஜில் போர்வை துவைப்பாள். அன்று நல்ல சாரல், நல்ல கூட்டம். ஊறப்போட்ட போர்வைகளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் மஞ்சப்பை. மற்ற ஒன்பது மாதமும் அத்தைக்கு எங்கள் வீட்டுச் சோறு. யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் தட்டை விட்டுக் கண்ணெடுக்காமல்தான் சாப்பிடுவாள்.

மாதப் பென்ஷன் ஒன்று கிடைத்தால் அவள் நிமிர்ந்துவிடுவாள். அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். விதவை என்றால் புருஷனின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். கைவிடப்பட்டவள் என்றால் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா புனலூருக்கு மரம் அறுக்கப் போனவர். உடன் போனவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. அத்தையிடம் சான்றிதழும் இல்லை, எழுதிக் கொடுக்க மனசும் இல்லை.

மேசைக்குப் பின்னால் என்னைப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கேஸ் சிலிண்டர் பேப்பரிலிருந்து பேங்க் பாரம் வரை நான்தான் நிரப்புவேன். ஆபீசர் படித்த பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். தன் முறை வரும்வரை வரிசையில் நின்று வந்து, மேசைமேல் காகிதங்களைப் பரப்பிவிட்டுக் குனிந்து சொன்னாள்:

“என்னையும் எதுலயாவது சேத்துருலே, மக்கா.”

அந்த நிமிஷம் அது நாடகமா முகாமா என்று எனக்கே பிடிபடவில்லை. அதிகாரிக் குரலில் விதவையா என்று கேட்டேன். அவள் கை தாலிக்குப் போனது. இல்லை என்றாள். கைவிட்டுப் போனாரா என்று கேட்டேன்.

“கைவிட்டாகன்னு எப்படிலே சொல்ல? வேலைக்குத்தான போனாக.”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மைதீன் கம்பை ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்த்தான். மேசையில் மூன்று நிற அட்டைகள் இருந்தன. எனக்கு மனப்பாடமாக இருந்த வசனத்தில் இப்படிப்பட்ட ஆளுக்கென்று ஒரே ஒரு வரிதான் உண்டு. அதைச் சொன்னேன். சார் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கூடத்தின் கடைசிவரை கேட்கும்படி:

“உனக்கு இங்கே வகை இல்லை. மதிலுக்கு வெளியே போ.”

மைதீன் கயிற்றைத் தூக்கினான். அத்தை காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். குனிந்து கயிற்றுக்கு அந்தப்புறம் போனாள். பொதுமக்களாக நடித்த ஐந்து பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் வகையில்லாதவன் சிரிக்க வேண்டும், பாட வேண்டும், அவர்கள் கயிற்றை அறுக்க வேண்டும். அத்தை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“அடுத்த முகாம் எங்கன, எப்பம்?”

அப்போதுதான் ஜெராக்ஸ் கட்டோடு சார் உள்ளே வந்தார். அதன்பிறகு ஒரே சத்தம். நாடகம் போட எங்கள் சோலிதானா கிடைத்தது என்று கேட்டார்கள். சார் ஒவ்வொருவராகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அட்டைகளைத் திரும்ப வாங்கினோம். பால்கார அண்ணாச்சி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று பச்சையைத் தரவே இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் அந்தப் போர்டைப் பார்த்தாள். திட்டவில்லை.

“நாடகத்துலயுங்கூட இல்லையாலே,” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். லாட்ஜில் அரைநாள் கூலி போனது என்று பிறகு அம்மா சொன்னாள்.

ஆண்டு விழாவுக்குள் செல்லத்துரைக்கு உடம்பு சரியாகிவிட்டது. நன்றாகச் சிரித்தான், பாடினான், கயிறு அறுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன்.

கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு சார் படித்த மாதிரிக் கதைகளை நானும் நூலகத்தில் தேடிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வகையில்லாதவன் வாலிபனாக இருக்கிறான். அவனிடம் யாருக்கும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதனாலேயே அவன் எதிலும் அடங்குவதில்லை, புத்தகம் முழுக்க அவனுக்கே கிடைக்கிறது. வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காகிதங்களோடு வந்து நிற்கிற நாற்பது வயதுப் பெண்ணை நான் படித்தவரையில் எந்தக் கதையிலும் பார்க்கவில்லை. வகை பிரிப்பது கொடுமை என்று அந்தக் கதைகள் சொல்கின்றன. படிக்கும்போது அது சரி என்றே படுகிறது. ஒரு வகைக்குள் வந்துவிட்டால் போதும் என்று அத்தை அலைந்தாள். அதை நினைக்கும்போது அதுவும் சரி என்றே படுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த முகாம் முடிந்த வாரமே அத்தை அப்பாவிடம் வந்து, புள்ளைக்கே தன்னை எழுத இடம் கிடைக்கவில்லை, இனி மாமா செத்ததாகவே எழுதிவிடலாம் என்று சொல்லியிருந்தாள். காணாமல் போய் ஏழு வருஷமானால் கோர்ட்டில் அப்படி உத்தரவு வாங்கலாம் என்றார் தென்காசி வக்கீல். மாமாவின் அடையாளங்களை அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நிறம், உயரம், இடது புருவத்தில் தழும்பு. அதற்கே ஒரு சாயங்காலம் ஆனது. தழும்பைச் சொன்ன பிறகு, அது எப்படி வந்தது என்பதையும் எழுதச் சொன்னாள். அதற்குப் பாரத்தில் இடமில்லை என்றேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று வக்கீல் குமாஸ்தா பாராட்டினார்.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து உத்தரவு வந்தது. அத்தை பொட்டை அழித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை, எப்போது தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை போல. நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன் என்றால் பதினான்காம் மாதத்திலிருந்து எல்லாமே லாபம் என்று அவளிடம் சொன்னேன். அத்தை தலையை ஆட்டினாள். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வக்கீல், பத்திரிகை விளம்பரம், பஸ் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதில் ஒன்பதாயிரம், அத்தை கழற்றிக் கொடுத்த தாலியை விற்று வந்தது.