அரிசிக்குள் ஐந்து கத்தி

"சார், பழைய கத்தி துருப்பிடிக்காம இருக்க இன்னா பண்றது?" என்று கத்தி சேகரிக்கும் என்னிடம் இன்று ஒரு தம்பி ஆன்லைனில் கேட்டார்.

அரிசிக்குள் புதைத்து வையுங்கள் என்று பதில் போட்டேன். உடனே எழுபதுகளின் எளாவூர் செக்போஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது.

ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம். சூளூர்பேட்டையில் வாங்கிய ஐந்து கத்திகளை அரிசிப் பையில் செருகி வந்தேன். போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, என்னைக் கீழே இறக்கி, என் பையில் கைவிட்டு, கத்திகளை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"இது கெடக்கட்டும். அரிசி இன்னாத்துக்கு நைனா?"

"கத்தி துருப்பிடிக்காம இருக்க சார்."

"டெய்லி ஒருத்தன் புதுசா கதை சொல்றான்யா!"

அரிசி பையோடு போயிற்று.

மடக்குக் கத்தியென்றால் பாக்கெட்டில் போட்டிருப்பேன். நான் சேர்ப்பதோ மடங்காத கத்தி. ஐந்தையும் கையில் பிடித்தபடி மறுபடி ஏறினேன்.

நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒரு சீட் முழுக்க எனக்கே.

சீட் பிடிக்க நீங்கள் துண்டுதான் போடுகிறீர்களா?