ஆளில்லாத வரிசை

போர்க்காலத்தில் முசலிக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பொருளாதார ஆய்வாளர் இருந்தார். காதில் பேனை செருகிய நடுவயதுப் பெண். மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவரது ஆராய்ச்சி.

சோதனைச்சாவடியில் இரண்டு வரிசைகள். நாங்கள் எல்லோரும் ஒன்றிலேயே நின்றோம்.

"மற்ற லைனுக்கு ஏன் ஒருத்தரும் போகேல்லை?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் போகேல்லை எண்டபடியாத்தான், மிஸ்," என்றேன்.

அவர் தனியே போனார். பிடித்து வைத்துவிடுவார்களோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஆமிக்காரன் பையைப் பார்த்துவிட்டு உடனே விட்டான். ஆனால் நாங்கள் முடித்து வரும்வரை பஸ் புறப்படவில்லை. அவர் வெயிலில் காய்ந்தார்.

அடுத்த சாவடியிலும் அவர் ஆளில்லாத வரிசைக்கே போனார். இம்முறை எல்லோரும் அவர் பின்னால் போனோம். திரும்பிப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே மெல்ல நழுவி மற்ற வரிசைக்கு மாறினார்.

பின்னால் போவதா வேண்டாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.